பெயிண்ட் அடிக்காத பின்கதவு

உங்கள் ஆட்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்த சாமான்களின் பட்டியலில் 'பொம்மை வண்டி, ஒன்று' என்று எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் சரி, அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அது பொம்மை இல்லை. முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்த கவச வண்டி. நிஜ வண்டியில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் இருப்பது இதில் ஒரு சென்டிமீட்டர் இருக்கும், கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. பொம்மை என்றால் குழந்தைகள் தரையில் உருட்டுவது. இதை யாராவது உருட்டினால் கையை ஒடித்துவிடுவேன் என்று சங்கத்தில் வேடிக்கையாகச் சொல்வேன். இந்த அறையில் அப்படிச் சொல்லக்கூடாதுதான்.

வக்கீல் வரும்வரை நான் பேசாமல் இருக்கலாம் என்றீர்கள். மறைக்க என்ன இருக்கிறது. எல்லாம் அந்த நீல நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில், தேதி போட்டு. அண்ணன் மகள் அதை எடுத்துத்தான் உங்களிடம் கொடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவள், யார் மேலாவது பழியைப் போட்டால்தான் அவளுக்கு ஆறும்.

என் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் ஆறு பேர் ஒரு கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மெழுகில் செதுக்கி, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவோம். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. ஆள் முகத்தைப் பார்த்ததே கிடையாது, ஆனால் அவர் சிரிப்பு என் கையால் ஆனது. கடைவாய்ப் பல்லில் ஒரு முடி அளவு உயரம் கூடினாலும் மனுஷன் சாப்பிட முடியாமல் திண்டாடுவார். அதனால் எனக்கு உத்தேசம் என்பது ஆகாது. கிட்டத்தட்ட சரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரிகள் செய்வேன். முதலில் போர்க்கால விமானங்கள்தான், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பெட்டியைத் திறந்தால் பாகங்களெல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்தது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, இடுக்கியால் பிடித்து ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். விமானி உட்காரும் இடத்தில் பெல்ட்டுக்கு ஈயத்தாளை இழையாக வெட்டி ஒட்டுவேன். மேலே கண்ணாடியை மூடிவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. படாததை எதுக்குடா பண்றே என்று அண்ணன் கேட்பான். எனக்குத் தெரியுமே என்பேன். அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

எங்கள் சங்கத்தில் பதினான்கு பேர். மாதம் ஒரு சனிக்கிழமை நூலகத்தின் மாடியில் கூடுவோம். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையர். மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் அவர் எஃகு அளவுகோல் குத்தியிருப்பார். மில்லிமீட்டர் என்றுதான் அவருக்குப் பெயர், அவருக்கும் அது தெரியும், உள்ளூரச் சந்தோஷம்தான். அவர் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு. வருடக் கண்காட்சியில் 'அச்சு அசல்' பிரிவில் ஒரு மாதிரியை வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. படம், ஆவணம், நேரில் பார்த்தவர் என்று மூன்று கட்டம். எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடாது. பிளாஸ்டிக் வந்த சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட வேண்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டினால் அது பொய்ச் சாட்சி என்பார். வெளியாட்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். எங்களுக்கு அதில்தான் மரியாதையே.

இனி அண்ணனைப் பற்றி. அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். போர் வந்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே சைக்கிளில்தான் ராணுவத்தில் சேரப் போனோம். அவனை எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சைக்கிளைத் தனியாக மிதித்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம், ஒருத்தனாவது மிஞ்சினானே என்று. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அவன் கவச வண்டி ஓட்டினான். போர் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, மத்தியான நேரம், ஒரு வாய்க்கால் கரையில் வண்டி தீப்பிடித்தது. ஏழு பேர் இருந்தார்கள். அண்ணன் மட்டும் முன்பக்கம் ஓட்டுநர் மூடி வழியாக வெளியே வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் வரவில்லை. அவன் குடித்த புகை நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருடம் பாதி மூச்சில் வாழ்ந்தான். கல்யாணம் செய்தான், ஒரு பெண்ணைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பினான், அண்ணி காலமானாள். அதன்பிறகு, மூன்று வருடத்துக்கு முன்னால், என் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது.

அவனை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். குளிக்க வெந்நீர், வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, எதிலும் குறை வைக்கவில்லை. சாயங்காலம் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"இதுல ஒண்ணுக்குப் போற டப்பா எங்கடா?" என்று ஒருநாள் கேட்டான், ஒரு டாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு.

"அப்படி எதுவும் படத்துல இல்லையே."

"படம் எடுத்தவன் வெளிய நின்னான். உள்ள உக்காந்தவனுக்குல்ல தெரியும்."

அந்த வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தவன் என் வீட்டில், என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான். படிவத்தில் நேரில் பார்த்தவர் என்ற கட்டத்தை எங்கள் சங்கத்தில் ஒருவர்கூட நிரப்பியது கிடையாது. அண்ணன் ஓட்டிய வண்டியையே செய்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வாய்க்கால் கரையில், தீப்பிடிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் அது எப்படி நின்றதோ அப்படி. நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அவனுக்காகத்தான் செய்ய நினைத்தேன்.

அந்த வண்டிக்கு இருப்பது ஒரே ஒரு படம். அன்று காலையில் எடுத்தது. முன்பக்கமும் வலதுபக்கமும் தெரியும். இடதுபக்கமும் பின்பக்கமும் தெரியாது. அந்த ரக வண்டிகளில் சிப்பாய்கள் வெளியே என்னென்னவோ கட்டித் தொங்கவிடுவார்கள், வண்டிக்கு வண்டி மாறும். பின்கதவு வேறு பெரிய தகராறு. வெயில் காலத்தில் காற்றுக்காக அதைத் திறந்து போட்டுக்கொண்டு போவார்கள் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, ஒருபோதும் திறக்கமாட்டார்கள் என்று இன்னொரு புத்தகம் சொல்கிறது. அண்ணனைக் கேட்டேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"அத விடுடா" என்றான். "வேற ஏதாவது ஏரோப்ளேன் பண்ணு."

மறுபடி மறுபடி கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன், நல்ல மூடில் இருக்கும்போது கேட்டேன். ஒருமுறை தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். கண்காட்சிக்கு வண்டியைப் பாதி பச்சையாகவும் பாதி சாம்பலாகவும் கொண்டுபோய் வைத்தேன். மில்லிமீட்டர் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வேலை சுத்தம்" என்றார். "ஆனா பாதி வண்டிதானே இருக்கு. உங்க அண்ணன்தான் ஓட்டினார்ங்கறீங்க, அவர் எதுவும் சொல்லலையா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் கதை நான் விட்ட ரீல் என்று நினைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து வண்டியை மேஜை மேல் வைத்தேன். அந்தச் சாம்பல் நிறம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலையில் பல்லைச் செதுக்கும்போதும் அதே நினைப்பு.

முதல்முறை நடந்தது தற்செயல். இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் ஏர்பிரஷ்ஷில் பெயிண்ட் அடிக்கிறவன். பேனா மாதிரி இருக்கும், காற்றின் வேகத்தில் பெயிண்ட்டைப் பனியாகத் தூவும். தின்னரில் கரைகிற பெயிண்ட், வாடை மண்டைக்கு ஏறும். அதனால் மேஜை மேல் ஒரு தகரக் கூண்டு வைத்திருக்கிறேன், அதற்குப் பின்னால் ஒரு விசிறி, விசிறியிலிருந்து ஒரு குழாய் ஜன்னல் வழியாக வெளியே போகும். அண்ணன் வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் விசிறியிலிருந்து கழன்றுவிட்டிருக்கிறது. மூக்கை மூடிக்கொள்ளும் வடிகட்டி போட்டிருந்ததால் எனக்கு வாடை தெரியவில்லை. வேறொரு விமானத்துக்கு முக்கால் மணி நேரம் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

பக்கத்து அறையில் சத்தம் கேட்டு ஓடினேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். உதடு நீலமாகியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"கேன எடு" என்றான். "பின்னால... எடது பக்கம்... ரெண்டு கேன்... கயித்த அறு."

மூச்சு திணறினால் உறிஞ்சுகிற நெஞ்சு மருந்தை அவன் வாயில் வைத்து அழுத்தினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எல்லாம் முறைப்படி செய்தேன், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இடது பக்கம், பின்னால், இரண்டு கேன், கயிற்றால் கட்டியது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அப்போது பயமா சந்தோஷமா என்று கேட்டால், இரண்டும்தான். உள்ளே அண்ணன் ஆக்சிஜனில் இருக்கிறான், வெளியே நான் சந்தோஷமாக இருக்கிறேன். என்னடா பிறவி நாம் என்று தோன்றியது. ஆனால் சந்தோஷம் போகவில்லை.

டாக்டர், வீட்டில் புகை, கொசுவத்தி, பெயிண்ட் எதுவும் ஆகாது என்று சொன்னார். அண்ணன் மகள் வெளியூரிலிருந்து ஓடிவந்தாள். போகும்போது எனக்கு ஒரு பெட்டி நிறைய தண்ணீரில் கரைகிற பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். "இதுல வாடையே வராதாம் சித்தப்பா, கடையில கேட்டுத்தான் வாங்கினேன்" என்றாள். நல்ல பெண். அந்தப் பெட்டியை உங்கள் ஆட்கள் பிரிக்காமலேயே எடுத்திருக்கிறார்கள். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டீர்கள். தண்ணீர்ப் பெயிண்ட் ஏர்பிரஷ்ஷின் முனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சங்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இரண்டாவது முறைக்கும் காரணம் இருந்தது. எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஈரப் பெயிண்ட் மேல் ஒரு துகள் தூசு விழுந்தாலும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் என் அறை ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகு குழாயை எங்கே விடுவது. நடுச்சுவரில், மேலே, காற்றுக்காக ஒரு சதுரத் திறப்பு இருக்கிறது. அதில் சொருகினேன். அந்தத் திறப்பு எந்த அறைக்குப் போகிறது என்று நீங்கள் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். அண்ணன் அறையின் ஜன்னலையும் சாத்தியிருந்தேன். தெருத் தூசு அவன் நெஞ்சுக்கு ஆகாது.

நெஞ்சு மருந்து என் சட்டைப்பையில் இருந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவன் கைபட்டு அது கட்டிலுக்கடியில் உருண்டுவிடும், அவசரத்துக்குத் தேடினால் கிடைக்காது. என்னிடம் இருந்தால் பத்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவன் இடது பக்கத்தில் கட்டியிருந்த கூடாரத் துணியைப் பற்றிச் சொன்னான். அதன் நடுவில் கிழிசல் இருந்ததாம், ஒயரால் தைத்திருந்தார்களாம். எவ்வளவு அழகான விவரம் பாருங்கள். இதை எந்தப் புத்தகத்தில் தேடுவது. இரண்டு வாரம் கழித்து, நசுங்கிய சமையல் பாத்திரம் ஒன்று, கைப்பிடியில்லாமல். அதற்குப் பிறகு, அந்த ஆறு பேரில் ஒருவன் தன் தங்கையின் பேரைச் சாக்கட்டியால் வண்டியில் எழுதியிருந்தது. பேரையும் சொன்னான், எழுத்து எழுத்தாக. பூதக்கண்ணாடி வைத்து, ஒற்றை முடி பிரஷ்ஷால் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்துப்போன ஒருவனுடைய கையெழுத்தை முப்பத்து மூன்று வருடம் கழித்து நான் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா.

நோட்டில் ஆறு கட்டம் போட்டிருக்கிறேன். தேதி, பெயிண்ட் ஆரம்பித்த நேரம், இருமல் ஆரம்பித்த நேரம், பேச ஆரம்பித்த நேரம், சொன்னது, மருந்து கொடுத்த நேரம். கடைசிக் கட்டத்தைத்தான் அண்ணன் மகள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். இருமல் ஆரம்பித்து மருந்து கொடுக்கும்வரை நான்கு நிமிடம், ஆறு நிமிடம், எட்டு நிமிடம் என்று ஏறிக்கொண்டு போகிறதே என்கிறீர்கள். ஏறத்தான் செய்யும். முதல் மூன்று நிமிடம் அவன் அந்த அறையில்தான் இருப்பான். என்னைக் கூப்பிடுவான், மருந்தைக் கேட்பான். அதில் பிரயோஜனம் இல்லை. மூன்று நிமிடம் தாண்டினால்தான் வண்டிக்குள் போவான். நான் கதவோரம் ஸ்டூல் போட்டு, நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வடிகட்டியைக் கழற்றமாட்டேன், எனக்கும் வயதாகிறது.

அவன் கஷ்டப்பட்டதைப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். பார்த்தேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே எழுதிய நாளும் உண்டு. அந்தப் பக்கங்களில் கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

ஒருநாள் சாயங்காலம் அவன் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். ரொம்ப இளைத்துவிட்டிருந்தான், சட்டை ஹேங்கரில் தொங்குவது மாதிரி தொங்கியது. மேஜை மேல் இருந்த வண்டியைப் பார்த்தான். கேன்களைப் பார்த்தான், ஒயர் தையலைப் பார்த்தான். சாக்கட்டி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்தான். நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தான்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"நீதாண்ணா சொன்னே."

"நான் எப்படா சொன்னேன்?"

அவன் தகரக் கூண்டைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான், அது சுவரில் ஏறி எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்துபோனான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை, வண்டியின் இன்ஜினைப் பிரித்து மாட்டியவன். அவன் கத்தியிருந்தால், என்னை ஓங்கி அறைந்திருந்தால், நான் நிறுத்தியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

"பெயிண்ட் அடிக்கிறத நிறுத்திடுடா" என்றான், ரொம்பத் தாழ்ந்த குரலில். "என்னால முடியல."

"இன்னும் பின்கதவு ஒண்ணுதாண்ணா பாக்கி. அது தொறந்திருந்துதா மூடியிருந்துதான்னு இப்பவே சொல்லிடேன். இதோட விட்டுடறேன்."

அவன் வாயைத் திறந்தான். நான் பேனாவை எடுத்தேன். பேனாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பப் போய்விட்டான். நான் நியாயமாகத்தான் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் பிடிவாதம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மறுநாள் அவன் மகளுக்கு போன் செய்திருக்கிறான். என்ன சொன்னானோ, என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் அவளும் சொல்கிறாள். இங்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் கேட்டிருக்கிறான். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"திங்கக்கிழமை கார் எடுத்துட்டு வரேன் சித்தப்பா. அப்பா கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும். நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க, பாவம்."

சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்துப் பார்த்தேன். முழு வண்டியும் பச்சையாக, புழுதி படிந்து, நிஜம் மாதிரி நின்றது. பின்கதவு மட்டும் நகம் அளவுக்குச் சாம்பல். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

அன்று காலை அவனுக்கு டீ கொடுத்தேன். துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொடுத்தேன், மாத்திரைகளைத் தனித்தனி உறையில் போட்டு வேளை எழுதினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். மருந்து எங்கே என்று கேட்டான். பையில் வைத்துவிட்டேன் என்றேன். என் சட்டைப்பையும் பைதானே என்று நீங்கள் கிண்டலாகச் சொன்னதை ரசிக்க முடியவில்லை. அது பொய்தான். அந்த ஒன்றுதான் நான் அவனிடம் சொன்ன பொய்.

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்வதானால் அன்றைக்கு அடிப்பதற்கு எதுவுமே இல்லை. வெறும் அட்டைத்தாளில்தான் அடித்துக்கொண்டிருந்தேன், தின்னரை அதிகமாகக் கலந்து. பத்து பதினெட்டுக்கு இருமல். இருபத்தொன்றுக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் கட்டிலிலிருந்து இறங்கி ஜன்னல் பக்கம் போகப் பார்த்திருக்கிறான், முடியாமல் தரையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல் கொண்டி உயரத்தில் இருக்கிறது, அவன் கைக்கு எட்டாது. இருபத்தைந்துக்குப் பேச ஆரம்பித்தான்.

"கதவு மூடியிருக்கு" என்றான். "கொண்டி கீழ எறங்கியிருக்கு... நான்தான் மூடினேன்... காத்தால நான்தான் இழுத்து மூடினேன்."

முப்பத்து மூன்று வருடமாக அவன் விழுங்கி வைத்திருந்தது அதுதான். கொண்டி வெளிப்பக்கம், அந்த ஆறு பேருக்கும் உள்ளேயிருந்து அதைத் திறக்க முடிந்திருக்காது. பாவம், அதைச் சுமந்துகொண்டே என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறான். வார்த்தை பிசகாமல் எழுதினேன். கதவு மூடியது, கொண்டி கீழ்நோக்கி. ஆதாரம், நேரில் பார்த்தவர்.

அதற்குப் பிறகு மருந்தைக் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். நோட்டில் கடைசிக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள். கொடுக்கவில்லை. எழுந்து என் அறைக்குப் போய் பின்கதவுக்குப் பச்சை அடித்தேன். அவன் சொன்ன வார்த்தைகள் காதில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. கொண்டியைக் கீழ்நோக்கி ஒட்டினேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது பத்து நாற்பதுக்கு, உங்கள் பதிவிலும் அப்படித்தான் இருக்கும். அண்ணனைக் கொன்றது நான்தான். அதை எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று, அவன் கடைசி வரைக்கும் அந்த வண்டிக்குள்தான் இருந்தான். தன் ஆட்களோடு இருந்தான். தனியாகச் சாகவில்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

வேறு எதுவும் சொன்னானா என்கிறீர்கள். சொன்னான், நான் எழுந்திருக்கும்போது. நோட்டில் அது இருக்காது. கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்து, என் பெயரைச் சொல்லி, "ஜன்னலத் தொறடா" என்றான். அந்த வண்டிக்கு ஜன்னலே கிடையாது. அதனால் அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.